வினைல் ரெக்கார்டு வாங்குறீங்களா? ஆப் காட்டும் விலையை நம்பி யாருக்கும் வாக்கு கொடுத்துடாதீங்க



2025 ஜூலை. ஐடிஆர் சீசன். ஆபீஸில் தலைக்கு மேல் வேலை. ஓஎம்ஆரில் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் 28 வயது தம்பி ஒருவர் வந்தார். மூன்று வருடமாக என்னிடம்தான் ரிட்டர்ன் போடுகிறார். சம்பளம், பிஎஃப், கொஞ்சம் மியூச்சுவல் ஃபண்ட், அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. எழுந்தவர் கதவு வரை போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"சார், என்கிட்ட ஆறு லட்சத்துக்குப் பக்கத்துல ரெக்கார்டு இருக்கு. வித்தா டாக்ஸ் வருமா?"

முதலில் எனக்குப் புரியவில்லை. நில ஆவணம் ஏதோ சொல்கிறார் என்று நினைத்தேன். "இல்ல சார், பாட்டு ரெக்கார்டு. வினைல்."

விஷயம் இதுதான். தை மாதம் தங்கச்சிக்குக் கல்யாணம். "என் பங்கு நாலு லட்சம்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். வீட்டிலும் அதை வைத்து மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்கள். அந்த நாலு லட்சம் ரெக்கார்டு விற்று வரப்போகும் பணம். ஃபோனை எடுத்துக் காட்டினார். டிஸ்காக்ஸ் ஆப். 2000-ல் அமெரிக்காவில் ஆரம்பித்த தளம், உலகத்தில் வந்த ரெக்கார்டுகளின் பட்டியலும் சந்தையும் ஒரே இடத்தில். உங்களிடம் இருப்பதை அதில் ஏற்றினால், மொத்தக் கலெக்‌ஷனுக்கும் குறைந்தபட்சம், மீடியன், அதிகபட்சம் என்று மூன்று மதிப்பு காட்டும். அவருடைய 146 ரெக்கார்டுக்கு மீடியன் 5,84,000 ரூபாய்.

"நான் வாங்கினது 3,62,000 சார். 61 பர்சன்ட் ப்ராஃபிட்."

அவர் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். பேர் வேண்டாம் என்றார்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நானும் ரெக்கார்டு வாங்குகிறவன்தான். வீட்டில் நாற்பது சொச்சம் இருக்கிறது. அதனால் "இதெல்லாம் வேஸ்ட், அந்தக் காசை எஸ்ஐபி-யில் போடுங்க" என்று ஆரம்பிக்கப் போவதில்லை. என் மனைவி அந்த வேலையைச் சரியாகச் செய்கிறார்.

இந்தப் பழக்கம் இப்போது சின்ன வட்டமும் இல்லை. அமெரிக்காவில் 2022-ல் 4.1 கோடி வினைல் விற்றது, சிடி 3.3 கோடி. எண்ணிக்கையில் வினைல் சிடியை முந்தியது 1987-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. நம் ஊரிலும் முதல் சம்பளத்தில் டர்ன்டேபிள் வாங்குகிறவர்களைப் பார்க்கிறேன். அதில் பாதிப் பேருக்குப் பிடித்தது இண்டிபெண்டன்ட் லேபிள்கள். யுனிவர்சல், சோனி, வார்னர் என்ற மூன்று பெரிய கம்பெனிகளுக்கு வெளியே, நாலைந்து பேர் சேர்ந்து நடத்தும் சின்ன நிறுவனங்கள். ஒரு ஆல்பத்தை 300, 500, 1000 என்றுதான் அச்சடிப்பார்கள். "லிமிடெட்" என்று எழுதியிருக்கும். நம் மனசு அதை "விலை ஏறும்" என்று படித்துக்கொள்ளும்.

ஏன் அப்படிப் படிக்கிறது? ஒரு கதை எல்லோருக்கும் தெரியும். அமெரிக்காவில் சியாட்டிலில் சப் பாப் என்ற சின்ன லேபிள். 1988 நவம்பரில் யாருக்கும் தெரியாத ஒரு பேண்டின் முதல் சிங்கிளை ஆயிரம் பிரதி மட்டும், கையால் நம்பர் எழுதி வெளியிட்டது. பேண்ட் பேர் நிர்வாணா. அடுத்த வருடம் முதல் ஆல்பம், 'ப்ளீச்'. ரெக்கார்டிங் செலவு 606.17 டாலர். அந்த 17 சென்ட் வரை கணக்கு நின்றிருப்பது சிஏ-வான எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்தப் பணத்தைக் கொடுத்தவர் ஜேசன் எவர்மேன். ஆல்பத்தில் அவர் ஒரு நோட் கூட வாசிக்கவில்லை. ஆனால் கிடாரிஸ்ட் என்று அட்டையில் பேர் இருக்கிறது. அந்த ஆல்பத்தின் முதல் ஆயிரம் பிரதி வெள்ளை வினைல். இன்று அந்த வெள்ளை பிரதிக்கு ஆயிரக்கணக்கான டாலர் கொடுக்க ஆள் இருக்கிறது.

கதை உண்மை. ஆனால் அதே லேபிள், அதே காலத்தில், அதே மாதிரி குறைந்த எண்ணிக்கையில் எத்தனையோ பேண்டுகளின் சிங்கிள்களைப் போட்டது. அவற்றில் பல இன்றைக்கும் ஒரு பிரியாணி விலைக்குக் கிடைக்கும். குறைவாக அச்சடித்ததால் வெள்ளை 'ப்ளீச்' விலை ஏறவில்லை. 1991-க்குப் பிறகு கோடிக்கணக்கான பேர் அந்த பேண்டைத் தேடி வந்தார்கள், கையில் இருந்தது ஆயிரம்தான், அதனால் ஏறியது. ஐபிஓ-வில் இன்ஃபோசிஸ் வாங்கியவர் கதையை வைத்து எல்லா ஐபிஓ-வுக்கும் அப்ளிகேஷன் போடுவது மாதிரி இது. கூடவே இன்னொன்று: அந்த முதல் சிங்கிளுக்குப் போலிப் பிரதிகளும் சந்தையில் உண்டு. பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் வரும் வெற்று வளையத்தில் சின்னதாகப் பொறித்திருக்கும் எண்ணைப் படிக்கத் தெரியாதவர் அந்தப் பக்கம் போகவே கூடாது.

சரி, நம் தம்பியின் கணக்குக்கு வருவோம்.

வாங்கிய விலை எது?

அவரிடம் கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட் மூன்று வருடத்துக்கும் கேட்டேன். ஒரே ஒரு ரெக்கார்டை எடுத்துப் போட்டுப் பார்த்தோம். அமெரிக்காவில் ஒரு இண்டி லேபிளிடம் நேராக வாங்கியது. விலை 28 டாலர். அவர் மனசில் பதிந்திருப்பது இந்த 28 மட்டும்தான்.

இந்தியாவுக்கு ஷிப்பிங் 24 டாலர். ஆக 52. அன்றைய ரேட் 83 ரூபாய் வைத்தால் 4,316. கார்டில் ஃபாரெக்ஸ் மார்க்கப் 3.5 சதவீதம், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 178 ரூபாய். அப்புறம் கஸ்டம்ஸ். அந்த பார்சலுக்கு டியூட்டியும் கூரியர் கம்பெனியின் ஹேண்ட்லிங் சார்ஜும் சேர்த்து 1,450 கட்டியிருக்கிறார். மொத்தம் 5,944 ரூபாய்.

அந்த ரெக்கார்டுக்கு ஆப் இப்போது காட்டும் மீடியன் 41 டாலர். 28 எங்கே, 41 எங்கே! கேட்க நன்றாக இருக்கிறது. ரூபாயில் போடுங்க: 87 ரேட்டில் 3,567. வாசலுக்கு வந்து சேர்ந்தபோதே அவர் 5,944 கொடுத்துவிட்டார்.

இப்படி 146-க்கும் தேடி எடுத்துக் கூட்டினோம். ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது. ரெக்கார்டு விலை 3,62,000 சரிதான். அதற்கு மேல் ஷிப்பிங், டியூட்டி, கார்டு சார்ஜ் எல்லாம் சேர்த்து 1,94,000. உண்மையான அடக்க விலை 5,56,000. ஆப் சொல்வதை அப்படியே நம்பினாலும் மூன்று வருட லாபம் 28,000 ரூபாய், அதாவது 5 சதவீதம்.

இங்கே ஒரு குறுக்கு யோசனை நிறைய பேர் கேட்பீர்கள்: "அமெரிக்காவில் இருக்கும் ஃப்ரெண்டை கிஃப்ட் என்று எழுதி அனுப்பச் சொன்னால்?" 5,000 ரூபாய் வரை கிஃப்டுக்கு டியூட்டி இல்லை என்று ஒரு காலத்தில் இருந்தது. 2019 டிசம்பரில் அதை எடுத்துவிட்டார்கள். ராக்கியும் உயிர்காக்கும் மருந்தும்தான் விதிவிலக்கு. ரெக்கார்டு உயிர் காக்கும் என்று கஸ்டம்ஸ் அதிகாரியிடம் வாதாடிப் பாருங்க.

மீடியன் யாருடைய விலை?

ஆப்பில் தெரியும் மீடியன் என்பது அந்த ரெக்கார்டு இதுவரை விற்ற விலைகளின் நடு எண். பொய் இல்லை. ஆனால் அது உங்கள் கையில் இருக்கும் பிரதியைப் பார்ப்பதில்லை. பெர்லினில் ஒருவர் இன்னொரு பெர்லின்காரருக்கு விற்ற விலை அது. நீங்கள் மேடவாக்கத்தில் இருப்பது அதற்குத் தெரியாது. உங்கள் பிரதியின் அட்டை மூலை மடங்கியிருப்பதும் தெரியாது.

நிலைமைக்குத் தரம் போடுவதில் கோல்ட்மைன் என்ற அமெரிக்கப் பத்திரிகையின் அளவுகோலைத்தான் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். மின்ட், நியர் மின்ட், விஜி பிளஸ், விஜி, குட் பிளஸ், குட் என்று இறங்கும். இதில் "குட்" என்றால் நல்லது என்று நினைத்து வாங்கிவிடாதீங்க. குட் என்றால் கீறல், கரகரப்பு, கிழிந்த அட்டை எல்லாம் உண்டு, ஏதோ ஓடும் என்று அர்த்தம். பணக்கணக்கு இன்னும் கொடுமை. நியர் மின்ட் 100 ரூபாய் என்றால் விஜி பிளஸ் பொதுவாக 50, விஜி 25. நாலு தடவை கவனமில்லாமல் தூசியோடு போட்டுக் கேட்டால் ஒரு படி இறங்கிவிடும், விலை பாதி.

அதில் நம்ம ஊர் வெயிலும் ஈரமும் வேறு. நானே ஒரு தடவை ஏழெட்டு ரெக்கார்டை அலமாரி மேல் தட்டில் படுக்க வைத்து அடுக்கி, அக்னி நட்சத்திரம் முழுக்க விட்டுவிட்டேன். கீழே இருந்த மூன்று வளைந்துவிட்டன. சுற்றும்போது ஊசி அலைமேல் படகு மாதிரி ஏறி இறங்குகிறது. புத்தகம் மாதிரி நிற்க வைக்க வேண்டும், இறுக்கக் கூடாது, வெயில் படும் சுவர் ஆகாது. உள்ளே இருக்கும் காகித உறையை பிளாஸ்டிக் உறையாக மாற்றினால் பூஞ்சை கொஞ்சம் தள்ளிப் போகும்.

தம்பியின் 146-ஐயும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துத் தரம் போட்டோம். சீல் உடைக்காதவை 9. நியர் மின்ட் என்று மனசாட்சியோடு சொல்லக்கூடியவை 50 சொச்சம். மீதி எல்லாம் விஜி பிளஸ்ஸும் அதற்குக் கீழேயும். பல அட்டைகளில் மேல் விளிம்பு பிளந்திருந்தது. கூரியரில் பெட்டி தடால் தடால் என்று விழும்போது உள்ளே இருக்கும் ரெக்கார்டே கத்தி மாதிரி அட்டையைக் கிழித்துவிடும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் ஆர்டர் போடும்போதே "ரெக்கார்டை அட்டைக்கு வெளியே வைத்து அனுப்புங்க" என்று எழுதிவிடுவார்கள். தம்பிக்கு அது மூன்றாவது வருடம்தான் தெரிந்திருக்கிறது.

விற்கப் போனபோது

ஆகஸ்டில் விற்க ஆரம்பித்தார். முதலில் டிஸ்காக்ஸிலேயே. மேலே சொன்ன அதே 41 டாலர் ரெக்கார்டை வெளிநாட்டுக்கு விற்றால் என்ன மிஞ்சும்?

வாங்குகிறவர் 41 டாலரோடு ஷிப்பிங் 22 சேர்த்து 63 கொடுக்கிறார். தளத்தின் கமிஷன் 9 சதவீதம், அதுவும் ஷிப்பிங்கையும் சேர்த்து 63-க்கு: 5.67 டாலர். பணம் வாங்கித் தரும் நிறுவனம் நாலரை சதவீதம் பக்கம் எடுக்கும்: சுமார் 3 டாலர். டாலரை ரூபாயாக மாற்றும் இடத்தில் இன்னொரு 3 சதவீதம் என்று வையுங்க. கையில் 4,579 ரூபாய். அதில் தபாலுக்கும் அட்டைப்பெட்டிக்கும் 1,914 போய்விடும். மிச்சம் 2,665.

5,944-க்கு வாங்கிய பொருள். ஆப் 3,567 என்கிறது. கைக்கு வருவது 2,665.

இதுவும் 41 டாலருக்கு விற்றால்தான். ஒரு அமெரிக்கர் பக்கத்து மாநிலத்திலிருந்து 41-க்கும் ஐந்தாறு டாலர் தபாலுக்கும் அதே ரெக்கார்டை வாங்க முடியும்போது, சென்னையிலிருந்து 63 கொடுத்து எதற்கு வாங்க வேண்டும்? அப்படியும் ஒரு ஆள் வாங்கினார். அந்த நேரம் பார்த்து 2025 ஆகஸ்ட் கடைசியில், அமெரிக்கா சுங்க விதியை மாற்றியதால் அந்த நாட்டுக்கு பார்சல் எடுப்பதை இந்திய அஞ்சல் துறை நிறுத்திவைத்தது. அக்டோபர் நடுவில்தான் மறுபடி ஆரம்பித்தார்கள். தனியார் கூரியரில் அனுப்பினால் ரெக்கார்டு விலையைத் தாண்டியது. ஆர்டரை ரத்து செய்து பணத்தைத் திருப்பினார்.

அப்போதுதான் இன்னொரு பக்கம் யோசித்தோம். அவருக்கு அடக்க விலை 5,944 ஆனதற்குக் காரணம் ஷிப்பிங்கும் டியூட்டியும். அதே சுமை இந்தியாவில் இருக்கும் எல்லா ரசிகருக்கும் உண்டு. பெங்களூரில் ஒருவர் அதே ரெக்கார்டைப் புதிதாக வரவழைத்தால் அவருக்கும் ஆறாயிரம் பக்கம் ஆகும். நீங்கள் 4,200-க்குக் கொடுத்தால் அவருக்கு லாபம். உங்களுக்கு ஆப் விலையை விட அதிகம். தபால் நூறு, நூற்றைம்பது. கமிஷன் இல்லை, யுபிஐ-யில் பணம் வந்துவிடும்.

கேட்க அருமையாக இருக்கிறது, இல்லையா? ஆனால் அந்த பெங்களூர்காரரைக் கண்டுபிடிக்க வேண்டும். 500 பிரதி மட்டும் வந்த ஒரு நார்வே பேண்டின் இரண்டாவது ஆல்பத்தைத் தேடும் ஆள் இந்தியாவில் எத்தனை பேர் இருப்பார்கள்? நாலு பேர் இருக்கலாம். அவர்களில் மூன்று பேரிடம் ஏற்கெனவே இருக்கும். பங்குச் சந்தையில் லிக்விடிட்டி என்கிறோமே, அது இதுதான். பொருளுக்கு மதிப்பு இருக்கிறது, ஆனால் நீங்கள் கேட்கும் வாரத்தில் வாங்க ஆள் இல்லை.

வேகமாகப் போனது எது தெரியுமா? 'சொல்ல சொல்ல'. இங்கிலாந்தில் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் என்ற இண்டி லேபிள், இளையராஜாவின் பழைய சினிமாப் பாடல்களைத் தொகுத்துப் போட்ட ரெக்கார்டு. போட்டோ போட்ட அன்றே கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் 5,500-க்கு எடுத்துக்கொண்டார். மூர் மார்க்கெட் பக்கம் பழைய கடையில் 150, 200 என்று வாங்கிய எக்கோ கம்பெனி தமிழ்ப் பட ரெக்கார்டுகளும் அப்படித்தான் போயின. எக்கோவும் ஒரு வகையில் நம்ம ஊர் இண்டி லேபிள்தானே. எச்எம்வி கோலோச்சிய காலத்தில் தனியாக நின்ற கம்பெனி. இறக்குமதி செய்த சிவப்பு வினைல், நீல வினைல் எல்லாம் அப்படியே உட்கார்ந்திருந்தன.

இப்போது வாங்குகிறவர்கள் ஆப்பில் மீடியனைப் பார்ப்பதற்கு முன்னால் வேறு இரண்டு எண்களைப் பாருங்க. எத்தனை பேரிடம் இருக்கிறது, எத்தனை பேர் வேண்டும் என்று குறித்திருக்கிறார்கள் என்பது ஒன்று. இப்போது எத்தனை பிரதி விற்பனைக்கு நிற்கிறது என்பது இன்னொன்று. 400 பேரிடம் இருந்து, 30 பேர் கேட்டு, 25 பிரதி விற்பனைக்கு நின்றால் மீடியன் எவ்வளவு இருந்தாலும் அந்த விலை உங்களுக்கு வராது.

லேபிள் மறுபடி அச்சடிக்கும்

என் சொந்தத் தப்பு ஒன்று. ஐரோப்பாவில் ஒரு இண்டி லேபிள் 300 பிரதி மட்டும் என்று ஒரு ஆல்பம் போட்டது. பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும் என்று தெரியும். நான் இரண்டு வாங்கினேன். ஒன்று கேட்க, ஒன்று சீலோடு வைத்து விற்க. இரண்டு மாதத்தில் விலை மூன்று மடங்கு. விற்றிருக்கலாம். "இன்னும் ஏறும்" என்று உட்கார்ந்திருந்தேன். எட்டாவது மாதம் லேபிள் இரண்டாவது தடவை அச்சடித்தது, வேறு கலரில். விலை பழைய இடத்துக்கே வந்தது. இன்றும் அந்த சீல் பிரதி அலமாரியில் இருக்கிறது. மனைவி வருடத்துக்கு ஒரு தடவை அதைப் பற்றி விசாரிப்பார்.

லேபிள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் கணக்கைப் பாருங்க. மாஸ்டர் வெட்டுவது, அதிலிருந்து உலோக அச்சு எடுப்பது, டெஸ்ட் பிரதி, இதெல்லாம் 300 அடித்தாலும் அதற்கு மேல் அடித்தாலும் கிட்டத்தட்ட ஒரே செலவு. முதல் 300-ல் அந்தச் செலவு முழுக்க ஏறி உட்காரும், லாபம் பேருக்குத்தான். அச்சு கையில் இருக்கும்போது இரண்டாவது தடவை அடிப்பதில்தான் லேபிளும் இசைக்கலைஞரும் கொஞ்சம் காசு பார்க்கிறார்கள். நான் சீலோடு வைத்து மூன்று மடங்குக்கு விற்றிருந்தால் அதில் ஒரு பைசா கூட அவர்களுக்குப் போகாது. அதனால் "இண்டி லேபிளை சப்போர்ட் பண்றேன்" என்பவர் முதல் கை விற்பனையில் வாங்க வேண்டும். லேபிளின் சொந்தத் தளம், இல்லையென்றால் பேண்ட்கேம்ப். பேண்ட்கேம்ப் ரெக்கார்டு மாதிரியான பொருளுக்கு 10 சதவீதம்தான் எடுக்கிறது.

மறு அச்சு எப்போதும் விலையைக் கொல்லும் என்றும் சொல்ல முடியாது. மும்பை இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் 1982-ல் பத்து ராகங்களை சிந்தசைசரில் டிஸ்கோ தாளத்தோடு வாசித்து ஒரு ரெக்கார்டு போட்டார். எச்எம்வி வெளியீடு. அப்போது விற்கவே இல்லை. 2002-ல் நெதர்லாந்துக்காரர் ஒருவர் டெல்லியில் ஒரு பழைய கடையில் அதைக் கண்டெடுத்தார். 2010-ல் அவருடைய சின்ன லேபிள் பாம்பே கனெக்‌ஷன் அதை மறுபடி அச்சடித்தது. அமெரிக்காவில் ஆசிட் ஹவுஸ் என்று ஒரு இசை பிறப்பதற்குச் சில வருடம் முன்னாலேயே ஒரு இந்தியர் இதை வாசித்திருக்கிறாரே என்று உலகம் திரும்பிப் பார்த்தது. அந்த மறு அச்சுதான் பழைய எச்எம்வி பிரதியை எல்லோரும் தேடும் பொருளாக ஆக்கியது. ஆனால் 1983-ல் அதை வாங்கியவர் யாரும் விலை ஏறும் என்று வாங்கியிருக்க மாட்டார். 27 வருடம் அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தவருக்குத்தான் யோகம்.

டாக்ஸ் வருமா?

தம்பியின் முதல் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் கேட்பதற்காக வாங்கி, போட்டுக் கேட்டு, அப்புறம் விற்கும் ரெக்கார்டு உங்கள் சொந்த உபயோகப் பொருள். பழைய சோபா, பழைய ஃபோன் மாதிரி. அதில் கேபிடல் கெயின்ஸ் வராது. நகை, ஓவியம், சிற்பம், கலைப்பொருள், தொல்பொருள் தொகுப்பு, இவற்றுக்குத்தான் சொந்த உபயோகம் என்ற விலக்கு கிடையாது. சாதாரண ரெக்கார்டு அந்தப் பட்டியலில் இல்லை என்பது என் கருத்து. லாபத்துக்கு வரி இல்லை என்றால் நஷ்டத்தையும் எங்கேயும் கழிக்க முடியாது. தம்பி முகம் அங்கேதான் வாடியது.

சீல் உடைக்காமல், விற்பதற்கென்றே இரண்டாவது பிரதி வாங்கி வைத்தால் கதை வேறு. அதைச் சொந்த உபயோகம் என்று சொல்வது கஷ்டம். எப்போதாவது ஒன்றிரண்டு என்றால் கேபிடல் கெயின்ஸ்: 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் 12.5 சதவீதம், அதற்குள் என்றால் உங்கள் ஸ்லாப் ரேட். மாதா மாதம் வாங்கி விற்கிறீர்கள் என்றால் அது வியாபாரம். ஐடிஆர்-1 போட முடியாது, 3 அல்லது 4 போட வேண்டும். வெளி மாநிலத்துக்கோ வெளிநாட்டுக்கோ வியாபாரமாகப் பொருள் விற்றால் "20 லட்சம், 40 லட்சம் வரை ஜிஎஸ்டி இல்லை" என்ற பேச்சும் உதவாது, பதிவு வேண்டும். ஏற்றுமதிக்கு ஐஇசி எண் வேறு. இரண்டு வகையிலும் வரும் நஷ்டத்தைச் சம்பளத்தோடு கழிக்க முடியாது. இதில் பிரிவு எண்களை நான் எழுதவில்லை. 2025-ன் புது வருமான வரிச் சட்டத்தில் எல்லா எண்ணும் மாறிவிட்டன. அதற்குத் தனி வீடியோ போடுகிறேன்.

தம்பியின் 9 சீல் பிரதிகளைத் தனியாகக் கணக்கு எழுதி வைத்திருக்கிறோம். எல்லாம் நஷ்டம்தான், அதனால் வரி கவலை இல்லை.

ஆகஸ்ட் முதல் தை வரை 61 ரெக்கார்டு விற்றார். 54 இந்தியாவுக்குள், 7 வெளியே. எல்லாச் செலவும் போக கையில் நின்றது 1,87,000. நல்லதைத்தானே முதலில் எடுத்துக்கொள்வார்கள், அதனால் மிச்சம் 85-ன் நிலைமையை நீங்களே ஊகிக்கலாம். மொத்தமாக எடுக்கும் ஒரு வியாபாரியைக் கேட்டார். அவர் சொன்னது ஆப் விலையில் மூன்றில் ஒரு பங்கு. திட்டாதீங்க, அவருக்கும் வாடகை இருக்கிறது, விற்க இரண்டு வருடம் ஆகும்.

நாலு லட்சத்துக்கு 2,13,000 குறைந்தது. மார்கழி கடைசியில் அம்மாவின் வளையல் நாலும் ஒரு செயினும் அடகுக்குப் போயின. கல்யாணம் நல்லபடியாக நடந்தது. "ரெக்கார்டு வாங்கினதுல வருத்தம் இல்ல சார். அம்மா கிட்ட நம்பரைச் சொன்னதுதான்" என்றார். அந்த நகைக் கடனுக்கு மாதா மாதம் வட்டியும் அசலும் அவர்தான் கட்டுகிறார். இந்த வருடம் தீபாவளிக்குள் மீட்டுவிட வேண்டும் என்பது திட்டம். போனஸ் வந்தால் முடியும்.

ரெக்கார்டுக்கு இப்போது மாதம் 1,500 என்று ஒதுக்கியிருக்கிறார். சேர்த்து வைத்து, மூன்று நண்பர்களோடு ஒரே பார்சலாக வரவழைக்கிறார். ஷிப்பிங் நாலாகப் பிரிகிறது. என் எக்செல் ஷீட்டில் அதை சினிமா, ஓட்டல் வரிசையில் எழுதியிருக்கிறேன். நெட்வொர்த் பக்கத்தில் 5,84,000 என்று அவர் போட்டிருந்த வரியை அழித்துவிட்டு பூஜ்யம் போட்டேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஒரு ரூபாயாவது போடுங்க சார் என்றார். ஒரு ரூபாய் போட்டிருக்கிறோம்.

மிச்சம் இருந்த 85-ல் ஒன்றை நானே வாங்கினேன். 2,200 ரூபாய், விஜி பிளஸ் என்றார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் போட்டேன். இரண்டாம் பக்கம் மூன்றாவது பாட்டில் டிக், டிக், டிக் என்று சத்தம். துடைத்துப் போட்டாலும் போகவில்லை. விஜி-தான். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.